இடது பக்கத்து மூடி

மூடியைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துச் சற்றே சாய்த்தாள். ஓரத்தில் மங்கலாக ஒரு கறை. தன் விரல்தான் பட்டிருக்கும் என்று மடியில் கிடந்த துணியால் துடைத்தாள். போகவில்லை. வாயால் ஆவி ஊதி மறுபடி துடைத்தாள். ஆவி விலகியதும் கறை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குள் இயந்திரத்தின் கதவைத் திறந்து ஆபரேட்டர் அக்கா அடுத்த ஜோடியை மேஜைமேல் வைத்துவிட்டாள். வலது பக்கத்து மூடி சுத்தம். இடது பக்கத்து மூடியில் அதே ஓரத்தில் அதே கறை. அழுக்காக இருந்தால் இடம் மாறியிருக்கும். இது இடம் மாறவில்லை.

அவளுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இயந்திரத்தின் தலையில் உள்ள கூம்புத் தொட்டியில், கற்கண்டை உடைத்ததுபோல் தெளிந்த பிளாஸ்டிக் குருணையைக் கொட்டுவார்கள். அது சூடான குழாய்க்குள் இறங்கி, உள்ளே சுழலும் திருகில் உருண்டு புரண்டு தேன் பதத்துக்கு உருகி, முன்னால் இறுக மூடிக் கிடக்கும் இரும்பு அச்சுக்குள் ஒரே மூச்சில் பாயும். அச்சு என்பது எழுத்தில்தான். ஆலையில் எல்லோருக்கும் அது டை. டையின் வயிற்றுக்குள் ஓடும் குளிர்ந்த தண்ணீர் உருகியதை இறுக வைக்கும். பிறகு டை பிளந்துகொள்ளும். நாலைந்து ஊசிகள் பின்னாலிருந்து தலையை நீட்டி உள்ளே இருப்பதைத் தள்ளிவிடும். நடுவில் ஒரு காம்பு, காம்பின் இரண்டு பக்கமும் இரண்டு வட்ட மூடிகள், கண்ணாடி மாதிரி. அவள் காம்பை ஒடிக்க வேண்டும், விளிம்பில் பிசிறு இருந்தால் கத்தியால் சீவ வேண்டும், விளக்குக்கு நேரே பார்க்க வேண்டும். நல்லதென்றால் அட்டைப்பெட்டி, குறையென்றால் சாக்கு. முகத்துக்குப் பூசும் க்ரீம் டப்பாவின் மூடி அது. மூடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் வாங்குகிறவர்கள் க்ரீமையே சந்தேகப்படுவார்கள் என்பது சூப்பர்வைசர் தினமும் சொல்லும் பாடம்.

"என்னடி, மூடிக்குள்ள படம் ஏதும் ஓடுதா? அப்படிப் பார்க்கிற" என்றாள் ஆபரேட்டர் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

சாப்பாட்டு மணி அடித்ததும் இடது பக்கத்து மூடி ஒன்றை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்து ஜன்னலுக்குப் போனாள். பகல் வெளிச்சத்தில் மூடியைச் சாய்த்தபோது கறை கறையாக இல்லை, வரிவரியாக இருந்தது. நடுவில் ஒரு சுழி, சுழியைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் கோடுகள். ஒரு கட்டைவிரல். அந்தச் சுழியைக் குறுக்கே சாய்வாக வெட்டிக்கொண்டு ஓடியது ஒரு வெறும் கோடு. அந்த இடத்தில் மட்டும் வரிகள் ஒன்றோடொன்று சேராமல் தவறிப்போய் நின்றன.

அந்த வெட்டை அவள் கல்யாணமான புதிதிலேயே புருஷன் கையில் பார்த்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிசிறு வெட்டும் கத்தி இறங்கிய தழும்பு என்று அவன் சொன்னான். "வாழ்க்கையில முதல் சம்பளத்துக்கு முன்னாடி கிடைச்சது இதுதான்" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான். அதே வெட்டுதான் இது. குழாயைத் திறந்து விட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் கை கழுவ வந்தவர்கள் அவள் முடித்து விலகுவாள் என்று காத்திருந்து, பிறகு அடுத்த குழாய்க்குப் போனார்கள்.

அவன் இந்த ஆலையில் டை மாட்டுபவனாக இருந்தான். எந்தப் பொருள் ஓட வேண்டுமோ அதற்குரிய டையைச் சங்கிலியில் தூக்கி இயந்திரத்தில் பொருத்துவதும், ஆர்டர் முடிந்ததும் இறக்கி அலமாரியில் வைப்பதும் அவன் வேலை. நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு நடை அவனுக்கு. சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பான், டீயை ஆறவிடாமல் விழுங்குவான். ஆலையில் அவனுக்கு அவசரம் என்று பட்டப்பெயர். "அவசரத்தைக் கூப்பிடு", "அவசரம் இன்னிக்கு லீவு" என்று பேசிப் பேசி, அவன் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வீட்டில் இதைக் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள். "அவசரமெல்லாம் ஆலைக்குத்தான். வீட்டுக்கு வர்றதுன்னா மட்டும் தேர் நகர்ற மாதிரி" என்பாள். ஆலையிலிருந்து வரும் வழியில், பாலத்தைத் தாண்டினால் ஒரு கொட்டகை. அங்கே நண்பர்கள் கேரம் விளையாடுவார்கள். பல சாயங்காலங்களை அந்தக் கொட்டகை தின்றுவிட்டது.

ஆனால் டை விஷயத்தில் மட்டும் அவனுக்கு அவசரம் கிடையாது. அதுவும் இந்தக் க்ரீம் மூடி டை. அதன் உட்புறம் கண்ணாடியைப் போல் மெருகேற்றியது. அதை முகம் என்பார்கள். முகத்தை வெறுங்கையால் தொட்டால் வேர்வையின் உப்பு இரும்பில் ஒட்டிக்கொள்ளும். உடனே துடைத்து எண்ணெய் அடித்தால் போயிற்று, இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். டையை இறக்கியதும் துடைத்து, துரு பிடிக்காமல் காக்கும் எண்ணெயைப் புகைபோல அடித்து, மூடி, பிறகுதான் கை கழுவப் போவான். யாராவது விரலை நீட்டினால் பாய்வான். "அந்த மனுஷன் பொண்டாட்டி முகத்தைக்கூட இவ்வளவு பத்திரமாப் பார்த்திருக்க மாட்டான்" என்று ஆபரேட்டர் அக்கா ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவன் போன பிறகு, முதலாளி கூப்பிட்டுக் கொடுத்த வேலை இது.

அவன் போன நாளைப் பற்றி அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இருந்த வீட்டில் மழைக்குச் சுவர் ஊறியது. வேறு வீடு ஒன்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. அவள் முன்னாலேயே போய் அந்த வீட்டு வாசலில் நின்றாள். போன் செய்தபோது, "டையை இறக்கிட்டு இருக்கேன். இதோ வந்துடறேன்" என்றான். பின்னால் சங்கிலி சத்தம் கேட்டது. வெகுநேரமாகியும் வரவில்லை. வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் குலுக்கிக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் வருவாரா, மாட்டாரா?" என்று கேட்டது அவமானமாக இருந்தது. மறுபடி போன் செய்தாள். "வந்துடறேன்னு சொன்னேன்ல" என்றான். "வந்தா வாங்க. வராட்டி அங்கேயே படுத்துக்கங்க" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அழைத்தபோது வேறு யாரோ எடுத்தார்கள்.

ஆலையிலிருந்து வரும் சாலை பாலத்தடியில் இரண்டாகப் பிரியும். திரும்பினால் அவள் காத்து நின்ற வீடு, நேரே போனால் கேரம் கொட்டகை. லாரி அவனை அடித்தது பிரிவதற்குச் சற்று முன்னால். எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று வண்டி கிடந்த இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. போலீஸ்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் அது ஒரு கேள்வியே இல்லை. அவளுக்கோ கேள்வி என்றால் அது ஒன்றுதான். என்னிடம் வந்துகொண்டிருந்தானா, இல்லை, எப்போதும்போல என்னை நிற்க வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தானா. சமைக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், ஒருக்களித்துப் படுக்கும்போதும் அதே சாலை, அதே பிரிவு. செத்தவனிடம் கோபப்படவும் முடியாமல், கோபத்தை விடவும் முடியாமல் அவள் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்று அவன் இறக்கிய டைதான் இது. அதற்குப் பிறகு க்ரீம்காரர்களின் ஆர்டர் வரவில்லை. மழைக்காலம் முழுக்க ஈரம் கசியும் அலமாரியில் கிடந்தது. இப்போதுதான் புதிதாக வந்தவன் அதைத் தூக்கி மாட்டியிருக்கிறான்.

ஜன்னலில் நின்றபடி அவள் மெதுவாக யோசித்தாள். விரல் இரும்பில் பட்டால் பதிவது விரலின் தலைகீழ். உப்பு அந்த வரிகளை அரித்துப் பள்ளமாக்கியிருக்கிறது. பள்ளத்தில் பிளாஸ்டிக் ஓடி இறுகும்போது வரிகள் மேடாக எழுந்துவிடும். அப்படியென்றால் மூடியில் இருப்பது விரல் பட்ட தடமில்லை. விரலே. தொட்டுப் பார்த்தாள். கத்தி பிடித்துக் காய்த்துப்போன அவள் விரல்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மூடியைக் கீழுதட்டில் வைத்து மெல்ல நகர்த்தினாள். உதட்டுக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அவன் எண்ணெய் அடிக்கவில்லை. யார் முகத்தைத் தொட்டாலும் பாய்கிறவன், தானே தொட்டுவிட்டு, துடைக்காமல், எண்ணெய் அடிக்காமல், அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறான். இத்தனை வருஷத்தில் டையிடம் அவன் அவசரப்பட்டது அந்த ஒருநாள்தான். வாசலில் ஒருத்தி நிற்கிறாள் என்று. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அவள் அழுதாள். அவன் போன பிறகு அப்படி ஒரு நிம்மதியோடு அவள் அழுதது அன்றுதான்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மேஜைக்குத் திரும்பியவள், இடது பக்கத்து மூடிகளைச் சாக்கில் போடவில்லை. விளக்குக்கு நேரே பிடித்தாள், பார்த்தாள், வலது பக்கத்து மூடிகளோடு சேர்த்துப் பெட்டியில் அடுக்கினாள். தப்பு என்று தெரியும். சொன்னால் உடனே இயந்திரத்தை நிறுத்துவார்கள், டையை இறக்கி மெருகு போட்டுவிடுவார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு கட்டைவிரல் புதிதாகப் பிறந்து வந்தது. அதை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு மூடியை முந்தானைக்குள் வைத்து வீட்டுக்கும் கொண்டுபோனாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தூக்கம் வரும்வரை கட்டைவிரலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு படுத்திருப்பாள். "வந்துட்டுதான் இருந்தீங்களா? நான்தான் கண்டபடி பேசிட்டேன்" என்று இருட்டில் சொல்வாள். ஒரு வாரம் போவதற்குள் அந்த மூடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழுந்து, வரிகள் மங்கி, ஒருநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தபோது வெறும் தேய்ந்த மூடியாகியிருந்தது. அத்தனை மெல்லிய மேடு அது. அவள் தடவித் தடவித்தான் கரைந்தது. அன்று ஆலைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கத்து மூடியில் விரல் அப்படியே இருந்தது. இரும்பில் இருக்கும்வரை இருக்கும் என்று மூச்சு விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பெட்டிகள் திரும்பி வந்தன. க்ரீம்காரர்கள் ஒட்டுமொத்தமாக அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் ஒரு மூடியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இதை யார் பார்த்தது?"

"நாங்க ரெண்டு பேரும்தான் சார்" என்றாள் ஆபரேட்டர் அக்கா. மூடிகளை வெளியே எடுத்து வைப்பதோடு அக்காவின் வேலை முடிந்தது. பார்ப்பது அவள் வேலையில்லை.

"ரெண்டு பேருக்கும் கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வர்ற பழக்கமா? ஒண்ணா ரெண்டா, பெட்டி பெட்டியா விட்டிருக்கீங்களே. உங்க வீட்டுல பொண்ணு பார்க்க வர்றவன்கிட்டயும் இப்படித்தான் அழுக்குத் தட்டை நீட்டுவீங்களா?"

"அக்கா இல்ல சார். நான்தான் பார்த்தேன். தெரிஞ்சுதான் விட்டேன்" என்றாள் அவள்.

சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தெரிஞ்சு விட்டேன் என்ற பதிலுக்கு அவரிடம் வசவு எதுவும் தயாராக இல்லை. "தெரிஞ்சு... ஏம்மா?" என்று குரலை இறக்கினார்.

அதற்குள் பாலீஷ் அண்ணன் வந்துவிட்டார். டைகளுக்கு மெருகு போடுவது அவர் வேலை. செத்துப்போனவனுக்குத் தோழர், கேரத்தில் கூட்டாளி. கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு மூடியை வெகுநேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் அந்த ஓரத்தைத் தன் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"துரு சார். அலமாரியில ஈரம் இறங்கியிருக்கு. இந்தப் பொண்ணு மேல தப்பில்ல, இது சட்டுனு கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

"சரி சரி. இன்னிக்கே மெருகு போடு. நாளைக்குக் காலைல ஓடணும். திரும்பி வந்ததையெல்லாம் அரைச்சுக் கருப்பு டப்பாவுக்குத் தள்ளிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மத்தியானம் டூல் ரூமில் டை இரண்டாகப் பிளந்து மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. அவள் வாசலில் நின்றாள். பாலீஷ் அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாம்மா" என்றார். "விளக்கைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கிறியா? எனக்கு ஒரு கை போதல." உண்மையில் அந்த விளக்குக்குக் கழுத்து உண்டு, யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அவள் பிடித்துக்கொண்டாள்.

இரும்பில் விரல் சாம்பல் நிறத்தில் இருந்தது. மூடியில் பார்த்ததற்கு எதிர்ப்புறமாக அந்த வெட்டு சாய்ந்திருந்தது.

"கொஞ்சம் விட்டு வைக்க முடியாதாண்ணே?"

"விட்டா முழுசா விடணும், எடுத்தா முழுசா எடுக்கணும்மா. அரையும் குறையுமா எடுத்தா அலை மாதிரி நிக்கும். மறுபடி திருப்பி அனுப்புவான்."

அவர் மெருகு போடும் வைரப் பசையைக் குண்டூசித் தலையளவு எடுத்து இரும்பில் வைத்தார். கம்பளித் துணி சுற்றிய குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, வைக்காமல் இருந்தார்.

"அண்ணே, அவரு இதுக்கு எண்ணெய் அடிக்காமப் போயிருக்காரு."

"ஆமா. அடிச்சிருந்தா அரிச்சிருக்காது."

"அவரு அப்படி விட்டுட்டுப் போற ஆளா?"

"இல்லவே இல்ல. அன்னிக்கு அவசரம்."

"எங்க போற அவசரம்ணே?"

பாலீஷ் அண்ணன் குச்சியை இரும்பில் வைத்தார். சின்னச் சின்ன வட்டமாகக் கை சுழல ஆரம்பித்தது. "உன்கிட்டத்தாம்மா. வேற எங்க? வீடு பார்க்கணும், வீடு பார்க்கணும்னு காலைலேர்ந்து சொல்லிட்டு இருந்தான். கையில கிளவுஸ்கூட மாட்டல பாரு."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விளக்கு ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் பேச்சை நிறுத்தியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்த இரக்கத்தில் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"நல்ல மனுஷன்மா. அவன் இல்லாம எங்களுக்கு மட்டும் ஆட்டம் ஓடுதா? அன்னிக்கு நாங்க மூணு பேரும் போர்டுல மாவைத் தூவி, காயெல்லாம் அடுக்கி வச்சுட்டு, இதோ வந்துடறேன்னவனை எங்கடா காணோம்னு..."

கை நின்றது. குச்சி இரும்பில் நின்ற இடத்திலேயே நின்றது. வெளியே ஏதோ ஒரு இயந்திரம் கதவு திறந்து மூடியது.

"அது சும்மா தினமும் சொல்றதுதான்மா" என்றார் குனிந்தபடியே. "வர்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்வான். வீட்டைப் பார்த்துட்டு அப்புறம் வர்றேன்னுதான் சொல்லியிருப்பான். அப்படித்தான் சொன்னான். ஆமா, அப்படித்தான்."

அவள் கேட்டிருக்கலாம். சொன்னானா, சொல்லியிருப்பானா, எது என்று கேட்டிருக்கலாம். எத்தனை மணிக்கு, எந்த வார்த்தையில், சிரித்துக்கொண்டா, சலித்துக்கொண்டா என்று கேட்டிருக்கலாம். உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் கைக்கெட்டும் தூரத்தில், கழுத்தில் வேர்வை வழிய உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை. அவர் என்ன சொன்னாலும் இனி அது அவளுக்காகச் சொன்னதாகத்தான் இருக்கும்.

"தேய்ங்கண்ணே" என்றாள். "வெளிச்சம் இந்தப் பக்கம் போதுமா?"

"போதும்மா."

வட்டம் வட்டமாகக் கை சுழன்றது. முதலில் வெளி வரிகள் போயின. பிறகு சுழி கலங்கியது. அந்தச் சாய்ந்த வெட்டுத்தான் கடைசிவரை நின்றது. அவர் இன்னும் கொஞ்சம் பசை வைத்தார். துணியால் துடைத்தபோது எந்த இடத்தில் இருந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவர் எண்ணெய் டப்பாவை எடுத்துக் குலுக்கி, டையின் முகம் முழுக்கப் புகைபோல அடித்தார். அவள் விளக்கை விட்டாள்.

திரும்பி வந்த பெட்டிகள் அரைக்கும் இடத்தில் சுவரளவுக்கு அடுக்கியிருந்தன. ஆபரேட்டர் அக்கா ஏற்கெனவே வந்து இரண்டு பெட்டியைப் பிரித்து வைத்திருந்தாள். "நீ போய் உட்காருடி, நான் போட்டுடறேன்" என்றாள். அவள் கேட்கவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கி, அரைக்கும் இயந்திரத்தின் வாயில் கவிழ்த்தாள். வலது பக்கத்து மூடிகளும் இடது பக்கத்து மூடிகளும் கலந்து விழுந்தன. சுத்தமானது எது, குறையுள்ளது எது என்று பிரிக்க அங்கே நேரமில்லை. கத்திகள் நொறுக்கும் சத்தத்தில் அக்கா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

கடைசிப் பெட்டியும் முடிந்து சத்தம் அடங்கியபோது, கீழே கட்டியிருந்த சாக்கு நிறைந்திருந்தது. கருப்புச் சாயம் சேர்த்து அதை டப்பாவின் அடிப்பாகத்துக்கு உருக்குவார்கள். சாக்கின் வாயைக் கட்டக் கயிறு எடுத்தவள், கட்டாமல் கையை உள்ளே விட்டாள். கத்தியில் அரைபட்ட சூடு துண்டுகளுக்குள் இன்னும் இருந்தது. மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை கை இறங்கியது. உடைந்த முனைகள் எல்லாப் பக்கமும் குத்தின. வெளியே அடுத்த ஷிப்ட் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். யாரோ அக்காவிடம் கயிறு கேட்டார்கள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாக்குக்குள் சூடு மேலிருந்து கீழாகக் குறைந்துகொண்டு வந்தது. அவள் கையை இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குத் தள்ளினாள்.